தொலைவில் ஓர் இயந்திரம், அருகில் ஒரு திரை



வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவரில் பலருக்கு ஊரில் ஒரு வீடு இருப்பது போலவே, இந்நாளில் ஊரில் ஒரு கணிப்பொறியும் இருக்கிறது. ஓய்வூதியக் கணக்கு, மின்கட்டண ரசீது, பேரக் குழந்தைகளின் நிழற்படங்கள் ஆகிய யாவும் அதனுள் அடங்கியிருக்கும். அதனைப் பயன்படுத்துவோர் முதியோர். அது முரண்டு பிடிக்கும்போது அழைப்பு வருவதோ நமக்கு. "தமிழ் எழுத்து வரவில்லை, கட்டம் கட்டமாக வருகிறது" என்பார்கள். "இடப்பக்க மூலையில் என்ன தெரிகிறது?" என்று தொலைபேசியில் நாம் கேட்டால், "ஒன்றும் தெரியவில்லை" என்ற விடையே கிடைக்கும். தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். ஒரு பொத்தானை அழுத்துவதற்காக ஒன்றரை நாள் பயணம் செய்ய இயலுமா?

இருந்த இடத்தில் இருந்துகொண்டே தொலைவிலுள்ள கணிப்பொறியை இயக்குவதும், அங்கே ஓடும் நிரலின் சாளரத்தை நம் திரையில் கண்டு பணி செய்வதும் எவ்வாறு இயலுகின்றன என்பதையும், அவ்வாறு செய்யும்போது பிறர் இடையே புகாமல் காத்துக்கொள்வது எப்படி என்பதையும் இன்று கூற விரும்புகிறேன். நான் கணிப்பொறி பயின்றவனல்லன். வரலாறு படித்துப் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருபவன். 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் ஊரடங்கு தொடங்கியபோது என் கோப்புகள் அனைத்தும் அலுவலகத்து இயந்திரத்தில் இருந்தன. நானோ மயூர் விஹாரில் வீட்டினுள் இருந்தேன். அந்த நெருக்கடியில்தான் இந்தப் பாடம் தொடங்கிற்று. பின்னர் கும்பகோணத்தில் என் சித்தப்பாவுக்கு நேர்ந்த ஓர் இழப்பு, பாடத்தின் மறுபாதியைக் கற்பித்தது. அதனைப் பிறகு சொல்கிறேன்.

கணிப்பொறிகளை இணைக்கும் வலையமைப்பில் மனிதர் முதன்முதலாகச் செய்ய முயன்ற காரியமே இதுதான் என்றால் வியப்பாக இருக்கலாம். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர், பல நூறு கிலோமீட்டர் வடக்கேயிருந்த ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தின் கணிப்பொறிக்குள் நுழைய முற்பட்டார். 'லாகின்' என்னும் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தன; அதற்குள் எதிர்ப்பக்க இயந்திரம் நின்றுவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் முயன்றபோது நுழைவு கைகூடிற்று. செய்தி அனுப்புவதும் படம் காட்டுவதும் பிற்பாடு வந்தவை. பிறர் வீட்டு இயந்திரத்தில் அமர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதே முதல் ஆசையாக இருந்தது.

அந்த ஆசையை நிறைவேற்ற எழுந்த முறைக்கு 'டெல்நெட்' என்று பெயர். நாம் இங்கே தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அங்கே செல்லும். அங்கே தோன்றும் விடை இங்கே வரும். எளிமையான ஏற்பாடுதான். ஆனால் எழுத்துகள் யாவும் அஞ்சலட்டையில் எழுதப்பட்டவை போல வெளிப்படையாகவே சென்றன. கடவுச்சொல்லும் அவ்வாறே சென்றது. வலையமைப்பில் இருந்தோர் சில நூறு பேர், அவர்களும் ஒருவரையொருவர் அறிந்த அறிஞர்கள் என்றிருந்த காலத்தில் இது ஒரு குறையாகத் தோன்றவில்லை. ஒரே கம்பியில் பல இயந்திரங்கள் இணைந்திருக்க, ஒருவருக்குச் செல்லும் செய்தி மற்றவர் வாயிலையும் தொட்டுச் செல்லும் நிலை வந்தபோது, காது கொடுத்துக் கேட்பவனுக்குக் கடவுச்சொற்கள் கொட்டிக் கிடந்தன.

1995-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதுவே நிகழ்ந்தது. யாரோ ஒருவர் வலையமைப்பில் ஒட்டுக்கேட்கும் நிரலை வைத்து, ஆயிரக்கணக்கான பெயர்களையும் கடவுச்சொற்களையும் திரட்டிவிட்டார். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யூலோனென் என்பவர் இதனால் கலக்கமுற்று, டெல்நெட்டுக்கு மாற்றாக ஒரு நிரலைத் தாமே எழுதினார். அவ்வாண்டு ஜூலையில் எல்லோரும் இலவசமாகப் பெறும்படி வெளியிட்டார். ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் 20,000 பேர் அதனைப் பயன்படுத்தினர். அதுவே இன்று உலகெங்கும் வழங்கும் 'செக்யூர் ஷெல்', சுருக்கமாக எஸ்.எஸ்.எச். கணிப்பொறியின் வாயில்களுக்குக் கதவெண்கள் உண்டு. கோப்பு அனுப்பும் பழைய முறைக்கு 21, டெல்நெட்டுக்கு 23. இடையே 22 காலியாக இருந்ததைக் கண்டு அதனைத் தமக்குத் தருமாறு அவர் எழுதிக் கேட்டார், மறுநாளே கிடைத்துவிட்டது. அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்வதைப் பார்த்துப் பழகிய எனக்கு இச்செய்தி ஒரு புராணக் கதை போலவே தோன்றுகிறது.

'ஷெல்' என்பதைச் 'சிப்பி' என்று மொழிபெயர்த்து, 'பாதுகாப்பான சிப்பி' என எழுதியிருந்த ஒரு சுற்றறிக்கையை நான் கண்டதுண்டு. கொட்டைக்குள் இருக்கும் பருப்பைப் போன்றது கணிப்பொறியின் உள்ளீடு. பருப்பைச் சுற்றியுள்ள ஓடு போல அமைந்து, மனிதரின் கட்டளையை வாங்கி உள்ளே தருவது ஷெல். எனவே 'ஓடு' என்பதே பொருந்தும். ஆயினும் அதனை எழுதினால் படிப்பவர் வீட்டுக் கூரையை நினைக்கக்கூடும். ஆகவே எஸ்.எஸ்.எச். என்றே வைத்துக்கொள்வோம்.

இதன் முதல் வேலை, வழியில் செல்லும் செய்தியைப் பிறர் படிக்கவொண்ணாத மறைமொழியாக மாற்றுவது. மறைமொழிக்கு ஒரு பொதுச் சாவி வேண்டும். தில்லியிலுள்ள என் இயந்திரத்துக்கும் கும்பகோணத்து இயந்திரத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒட்டுக்கேட்பவன் காதில் விழும் கம்பியின் வழியாகவே இந்தச் சாவியைப் பேசி முடிவு செய்வது எங்ஙனம்? இது இயலாத காரியம் என்றே பல்லாண்டுகள் கருதப்பட்டது. 1976-ஆம் ஆண்டில் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் வழி கண்டு வெளியிட்டனர். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நாமே அதனைச் செய்து பார்க்கலாம்.

2, 11 என்ற இரண்டு எண்கள் ஊரறிந்தவை என்று கொள்வோம். நான் என் மனத்தில் 3 என்ற எண்ணை மறைத்து வைத்துக்கொள்கிறேன். 2-ஐ மூன்று முறை தன்னோடு பெருக்க 8. அதனை 11-ஆல் வகுத்தால் மீதி 8. இந்த 8-ஐ உரக்கவே சொல்லி அனுப்புகிறேன். சித்தப்பாவின் இயந்திரம் 4 என்பதை மறைத்து வைத்துள்ளது. 2-ஐ நான்கு முறை பெருக்க 16. 11-ஆல் வகுக்க மீதி 5. அந்த 5 எனக்கு உரக்கவே வந்து சேருகிறது. இப்போது நான் வந்த 5-ஐ என் இரகசியப்படி மூன்று முறை பெருக்குகிறேன்: 125, 11-ஆல் வகுக்க மீதி 4. அங்கே என் 8-ஐ நான்கு முறை பெருக்கினால் 4,096. 11-ஆல் வகுக்க மீதி அதே 4. இருவர் கையிலும் 4 வந்துவிட்டது. அந்த எண்ணை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒட்டுக்கேட்டவனிடம் 2, 11, 8, 5 ஆகியவை மட்டுமே உள்ளன. இவ்வளவு சிறிய எண்களில் அவன் ஒவ்வொன்றாக முயன்று கண்டுபிடித்துவிடுவான். உண்மையில் இம்முறைக்கு வழங்கும் எண்கள் அறுநூறுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டவை. அவற்றில் முயன்று காண்பது ஆகாத காரியம். இன்று வேறு வகைக் கணக்குகளும் வழக்கில் உள்ளன. அடிப்படை எண்ணம் இதுவே.

ஆக, பாதை மறைவாயிற்று. இத்துடன் பாதுகாப்பு முடிந்தது என்று நினைப்பதுதான் பெரும் பிழை. யாருடன் பேசி அந்த 4-ஐ அடைந்தோம் என்பதை இந்தக் கணக்கு சொல்வதில்லை. நடுவே ஒருவன் அமர்ந்து, என்னிடம் சித்தப்பாவின் இயந்திரமாகவும், அவரிடம் என் இயந்திரமாகவும் நடித்தால், இருபுறமும் அழகாகச் சாவி உண்டாகும். இரண்டு சாவிகளும் அவனிடமே இருக்கும். கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே திருடனுடன் அமர்ந்திருப்பது போன்ற நிலை அது.

இதனைத் தடுக்கவே எஸ்.எஸ்.எச். ஏற்பாட்டில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் நிலையான ஓர் அடையாளச் சாவி உண்டு. அதன் சுருக்கத்துக்குக் 'கைரேகை' என்று பெயர். ஓர் இயந்திரத்தை நாம் முதன்முறை அணுகும்போது, திரையில் எழுத்தும் எண்ணும் விரவிய நீண்ட வரி ஒன்று தோன்றி, "இந்த இயந்திரத்தை இதற்கு முன் கண்டதில்லை, இதன் கைரேகை இது, தொடரலாமா?" என்று கேட்கும். உலகில் பெரும்பாலோர் அந்த வரியைப் படிக்காமலே 'ஆம்' என்று தட்டிவிடுகின்றனர். நானும் ஓராண்டுக் காலம் அவ்வாறே செய்துவந்தேன். இவ்வளவு நுட்பமான கணிதத்தைக் கட்டிய அறிஞர்கள், ஒரே ஓர் இடத்தில் மட்டும் மனிதனின் தீர்ப்பைக் கேட்கிறார்கள். அந்த ஓரிடத்தில் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியது கடினமன்று. அந்த இயந்திரத்தின் அருகில் இருப்பவரையோ, அதனைப் பராமரிப்பவரையோ வேறொரு வழியாக, அதாவது தொலைபேசியிலோ நேரிலோ, அணுகிக் கைரேகையைக் கேட்டு ஒப்பிட வேண்டும். ஒருமுறை ஒப்பிட்டு ஏற்றுக்கொண்டால் நம் கணிப்பொறி அதனை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேள்வி எழாது. பின்னொரு நாள் கைரேகை மாறியிருந்தால் திரை நிறைய எச்சரிக்கை எழும். அங்கே இயந்திரத்தைப் புதுப்பித்து அமைத்திருந்தாலும் அது எழும். போலி ஒருவன் குறுக்கே நின்றாலும் அது எழும். எது என்று விசாரித்து அறியும்வரை கடவுச்சொல்லைத் தட்டுதல் கூடாது. "எச்சரிக்கை வருகிறதே, அந்தப் பழைய குறிப்பை அழித்துவிடு, சரியாகிவிடும்" என்று அறிவுரை கூறும் நண்பர்கள் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. அவர்கள் சொல்வது பலமுறை பலிக்கும் என்பதே அதிலுள்ள ஆபத்து.

இயந்திரம் தன்னை மெய்ப்பித்த பிறகு, நாம் நம்மை மெய்ப்பிக்க வேண்டும். கடவுச்சொல் ஒரு வழி. அதனினும் சிறந்தது சாவிச் சோடி. ஒன்று பூட்டு, மற்றது சாவி. பூட்டைத் தொலைவிலுள்ள இயந்திரத்தில் வைத்துவிடலாம். யார் பார்த்தாலும் குற்றமில்லை. சாவி நம் கணிப்பொறியை விட்டு வெளியேறுவதே இல்லை. அது தன்னிடம் இருக்கிறது என்பதை மட்டும் கணக்கின் வாயிலாக மெய்ப்பித்துக் காட்டும். அந்தச் சாவிக்கும் ஒரு தனிக் கடவுச்சொற்றொடர் இட்டு வைத்தால், கணிப்பொறியே களவு போனாலும் உடனே கேடு நேராது. 2018 முதல் விண்டோஸ் 10 அமைப்பிலேயே எஸ்.எஸ்.எச். சேர்ந்து வருகிறது, லினக்ஸ் அமைப்பில் முன்பிருந்தே உண்டு. தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இதுவரை கூறியது எழுத்துக் கட்டளைகளின் கதை. நம்மில் பெரும்பாலோர்க்கு எழுத்துக் கட்டளை போதாது. சாளரமும் பொத்தானும் வேண்டும். அதற்கான முறை எஸ்.எஸ்.எச். தோன்றுவதற்குப் பத்தாண்டு முன்னரே பிறந்துவிட்டது. 1984-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் அமைத்தது அது. ஸ்டான்போர்டில் வழங்கிய 'டபிள்யூ' என்னும் முறையிலிருந்து கிளைத்ததால், அடுத்த எழுத்தாகிய 'எக்ஸ்' இதற்குப் பெயராயிற்று. 1987-இல் வெளிவந்த பதினோராம் பதிப்பே இன்றும் வழங்குகிறது. நிரல் ஓடுவது ஓர் இயந்திரத்தில், அதன் சாளரம் தோன்றுவது மற்றோர் இயந்திரத்தில் என்பதை அது தொடக்கத்திலேயே சாதித்தது.

இங்கே மொழிபெயர்ப்பாளன் தலையில் கை வைக்கும் இடம் ஒன்று வருகிறது. எக்ஸ் முறையில் நம் மேசையில் உள்ளதே 'சர்வர்'. தொலைவில் ஓடும் நிரல்தான் வாடிக்கையாளர். பிற ஏற்பாடுகளில் எல்லாம் தொலைவில் இருப்பது சர்வர், நாம் வாடிக்கையாளர். இது தலைகீழாக இருக்கிறதே என்று நான் நெடுநாள் குழம்பினேன். கரோல் பாகில் ஒரு தமிழ் உணவு விடுதியில் உட்கார்ந்திருந்தபோது தெளிவு பிறந்தது. கேட்டதைக் கொண்டுவந்து தருபவர் சர்வர். எக்ஸ் முறையில் கேட்கப்படும் பொருள் எது? திரையும் விசைப்பலகையும் மவுசும். அவை என் மேசையில் உள்ளன. "ஒரு சாளரம் திற, இங்கே ஒரு கோடு போடு, என்ன எழுத்துத் தட்டப்பட்டது என்று சொல்" எனத் தொலைவிலுள்ள நிரல் கேட்க, என் மேசையிலுள்ளது பரிமாறுகிறது. ஆகவே சர்வர் நம் பக்கம்தான்.

இந்தத் தலைகீழ் அமைப்பைப் புரிந்துகொண்டால் அதிலுள்ள அபாயமும் புரியும். எக்ஸ் முறை உருவான நாளில், திரையைப் பயன்படுத்தும் நிரல்கள் யாவும் ஒன்றையொன்று நம்பின. ஒரு சாளரத்துக்கு உரிய நிரல், அடுத்த சாளரத்தில் தட்டப்படும் எழுத்தையும் அறிய முடியும். முழுத் திரையையும் படமெடுக்க முடியும். அன்றியும், செய்தி யாவும் கம்பியில் வெளிப்படையாகவே சென்றது. எஸ்.எஸ்.எச். வந்தபின் இரண்டாம் குறை நீங்கிற்று. தொலைவிலுள்ள இயந்திரத்தில் ஒரு பொய்த் திரையை அது தோற்றுவிக்கும். அதற்கு வழக்கமாகப் பத்து என்ற எண்ணிலிருந்து பெயர் வைக்கும். அங்குள்ள நிரல் அதனை உண்மைத் திரை என்று எண்ணி வரையும். வரைந்தது மறைமொழிக் குழாயின் வழியே நம் மேசைக்கு வரும். நாம் கட்டளையில் 'எக்ஸ்' என்ற பெரிய எழுத்தைச் சேர்த்தால் போதும்.

முதற்குறையோ முற்றிலும் நீங்கவில்லை. குழாய் எவ்வளவு உறுதியாயினும், அதன் மறுமுனையிலுள்ள நிரல் நம் திரையின் விருந்தாளியாகிவிடுகிறது. அந்த இயந்திரத்தை ஆளுபவர் தீயவராயின், நாம் வேறொரு சாளரத்தில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டும்போது அதனையும் அறியலாம். எனவேதான் எஸ்.எஸ்.எச். இருவகை இசைவுகளை வைத்திருக்கிறது. 'எக்ஸ்' என்ற எழுத்து, விருந்தாளியைத் திண்ணையோடு நிறுத்துவது. 'ஒய்' என்ற எழுத்து, அடுக்களைவரை விடுவது. சில லினக்ஸ் வகைகளில் முதலாவதும் இரண்டாவதைப் போலவே நடக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே எழுத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. நம்பிக்கைக்குரிய இயந்திரத்துக்கு மட்டும் இந்த வசதியைத் திறப்பதும், வேலை முடிந்ததும் மூடுவதும் தக்கவை. அண்மைக் காலத்தில் 'வேலேண்ட்' என்ற புதிய முறை எக்ஸின் இடத்தைப் பிடித்து வருகிறது. அதில் ஒரு சாளரம் மற்றொன்றை எட்டிப் பார்க்க இயலாது.

எக்ஸ் முறைக்கு வேகக் குறைவும் உண்டு. தொலைபேசியில் பாட்டியைக் கேட்டுக் கோலம் போடுவது போன்றது அது. "பதினைந்து புள்ளி வை, வைத்தாயா? அடுத்த வரிசை, ஆயிற்றா?" என்று ஒவ்வொரு படிக்கும் கேள்வியும் விடையும் போய் வரவேண்டும். தில்லிக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே ஒரு போய்வரவுக்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் நாற்பது பங்கு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நிரல் திறப்பதற்குள் இருநூறு போய்வரவு நிகழ்ந்தால் எட்டு வினாடி கழிந்துவிடும். ஒரே கட்டிடத்துக்குள் நன்றாக ஓடுவது, ஊர் தாண்டினால் தள்ளாடுகிறது.

கோலம் போடும் முறையைச் சொல்லாமல், போட்ட கோலத்தின் படத்தையே அனுப்பிவிட்டால் என்ன? இதுதான் வி.என்.சி. என்னும் முறை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஒலிவெட்டி-ஆரக்கிள் ஆராய்ச்சிக் கூடத்தார் 1998-இல் இதனை இலவசமாக வெளியிட்டனர். திரையில் மாறிய பகுதியை மட்டும் படமாக அனுப்புவதால் இது பலவகைக் கணிப்பொறிகளுக்கும் பொருந்தும். இதனை ஆக்கியோருள் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபோர்டு-ஃப்ரேசர், 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறித் துறையில் ஒரு காப்பிக் கூசாவின் எதிரே ஒளிப்படக் கருவி வைத்தவர்களில் ஒருவர். மாடி ஏறிச் சென்று கூசா காலியாக இருப்பதைக் கண்டு திரும்ப நேர்ந்ததே காரணம். காப்பியின் பொருட்டு ஒரு கண்டுபிடிப்பு என்பதை நம்மவர் புரிந்துகொள்வார்கள்.

வி.என்.சி. முறையின் பழைய வடிவில் கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துகளே கணக்கில் கொள்ளப்பட்டன. திரைப் படமோ மறைமொழியின்றியே சென்றது. ஆகவே அதனைத் தனியே தெருவில் விடாமல் எஸ்.எஸ்.எச். குழாய்க்குள் செலுத்துவது வழக்கம். வி.என்.சி.யின் கதவு 5900 முதலான எண்களில் இருக்கும். அந்தக் கதவை உட்பக்கத்துக்கு மட்டும் திறந்து வைத்து, 22-ஆம் கதவின் வழியே குழாய் போட்டு அதனை அடைய வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு 22 மட்டுமே தென்படும்.

விண்டோஸ் அமைப்பில் இதற்கு ஒப்பானது ஆர்.டி.பி.; 1998-இல் வந்தது; கதவெண் 3389. இதில் மறைமொழி உண்டு; வேகமும் உண்டு. அதனால் பலர் தம் அலுவலகத்து 3389-ஆம் கதவை உலகம் முழுவதற்கும் திறந்து வைத்தனர். 2019-ஆம் ஆண்டு மே மாதம், கடவுச்சொல்லே இல்லாமல் அந்தக் கதவின் வழியாக உள்ளே புகக்கூடிய ஒரு பிழை வெளியாயிற்று. 'புளூகீப்' என்று அதற்குப் பெயரிட்டனர். 2014-இலேயே ஆதரவு நிறுத்தப்பட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் நிறுவனம் திருத்தம் வழங்கியது என்றால் அதன் கடுமை விளங்கும். பூட்டு நல்லதா என்பது ஒரு கேள்வி. கதவு ஏன் தெருவைப் பார்த்து இருக்கிறது என்பது மற்றொன்று. வி.பி.என். எனப்படும் தனிவழியையோ எஸ்.எஸ்.எச். குழாயையோ முன்னே வைத்து, இத்தகைய கதவைப் பின்னே மறைப்பதே முறை.

எஸ்.எஸ்.எச். வாயிலுக்கும் சோதனை வந்தது. 2024-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் அறிஞர் ஒரு செய்தியை வெளியிட்டார். எஸ்.எஸ்.எச். வழியாக நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கண்டு, ஏன் என்று துருவிப் பார்த்திருக்கிறார். கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்.இசட்.' என்ற சிறு நிரலில், சில லினக்ஸ் வகைகளில் எஸ்.எஸ்.எச். வாயிலைக் கள்ளச் சாவியால் திறக்கும்படி ஒரு பொறி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதனை வைத்தவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்நிரலுக்கு உண்மையாகவே உழைத்து, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். பொறி பரவலாகச் சென்று சேருமுன் அகற்றப்பட்டது. அந்த அரை வினாடியை ஒருவர் பொருட்படுத்தியிராவிட்டால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக உள்ளது.

இனி என் சித்தப்பாவின் கதை. அவருடைய கணிப்பொறியில் தமிழ் விசைப்பலகையைச் சரிசெய்ய, திரையைப் பகிரும் ஒரு செயலியை நான்தான் நிறுவச் சொன்னேன். இத்தகைய செயலிகளில் கதவெண் முதலிய தொல்லைகள் இல்லை. இருபுறமும் நடுவேயுள்ள ஒரு நிலையத்துக்குச் சென்று சேர, அங்கே தோன்றும் எண்ணைச் சொன்னால் இணைப்பு ஏற்படும். அவர் எண்ணைப் படித்தார், நான் நுழைந்தேன், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அவருக்குப் பெருமகிழ்ச்சி. சில மாதங்களுக்குப் பின், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் அவரை அழைத்தான். கணக்கு முடங்கப் போகிறது என்றான். அதே போன்றதொரு செயலியைத் திறந்து எண்ணைப் படிக்கச் சொன்னான். அவர் படித்தார். ஓய்வுக் காலத்துக்கென்று சேர்த்திருந்த தொகையில் ஒரு பகுதி அன்று மாலைக்குள் போயிற்று.

நான் பதறி, "தெரியாதவனுக்கு எண்ணைச் சொல்லலாமா, சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போன தடவை நீயும் அதைத்தானே கேட்டாய், தம்பி?" என்றார்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்தச் செயலியின் மறைமொழியில் ஒரு குறையும் இல்லை. பாதை பத்திரமாகத்தான் இருந்தது. கேட்பவர் யார் என்று அறியாமலே 'ஆம்' சொல்லும் பழக்கத்தை அவருக்கு ஊட்டியவன் நான்; கைரேகையைப் படிக்காமல் 'ஆம்' என்று ஓராண்டு தட்டிவந்தவனும் நானே. இத்தகைய செயலி வழியாக நிகழும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது. அதனை நான் அறிந்திருக்கவில்லை. பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும்; விரைவில் சொன்னால், பணம் கைமாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு. நாங்கள் மறுநாள் காலையில்தான் அழைத்தோம்.

இப்போது எங்கள் ஏற்பாடு வேறு. செயலி நீக்கப்பட்டுவிட்டது. அவர் இயந்திரத்தில் எஸ்.எஸ்.எச். வைத்து, கைரேகையை அவர் தொலைபேசியில் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க நான் ஒப்பிட்டேன். அதற்கே கால் மணி நேரம் பிடித்தது. வாயில் எப்போதும் திறந்திருப்பதில்லை. வேண்டும்போது அவரே ஓர் அடையாளத்தைச் சொடுக்கித் திறப்பார், பின் மூடுவார். திறக்குமுன் அவராக ஒரு நடைமுறையையும் சேர்த்துக்கொண்டார். என் குரலைக் கேட்டதும், வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார். ஒருமுறை கேட்டதை மறுமுறை கேட்பதில்லை. சென்ற மாதம், கொல்லைக் கிணற்றின் பழைய இராட்டினம் எந்த மரத்தால் ஆனது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டார். சித்தியின் எண்ணுக்கு அழைத்து, அவர் என் குரலுக்குச் சாட்சி சொன்ன பிறகே கதவு திறந்தது.